ஞாயிறும் போயாவும்: ஒரு விடுமுறை நாளின் கதை

1966க்கும் 1971க்கும் இடையில் இலங்கையில் படித்த சகோதரிகளுக்கு மட்டும் உரிய ஓர் அனுபவம் உண்டு. அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வெள்ளைச் சீருடை அணிந்து பாடசாலைக்குச் சென்றார்கள். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். அந்த ஐந்தரை வருடங்களின் பின்னணியை இம்மலரில் பதிவுசெய்வது பொருத்தம் என எண்ணுகிறேன். யாருடைய திருநாள் எல்லோருக்கும் விடுமுறை ஆவது என்ற கேள்வி பாடசாலைப் பிள்ளைகளை நேரடியாகத் தொட்ட காலம் அது.

கதை எங்கள் கண்டியிலேயே தொடங்குகிறது. 1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில் கைச்சாத்தான கண்டி உடன்படிக்கையின் 5ஆம் வாசகம், பௌத்த சமயத்தையும் அதன் வணக்கத் தலங்களையும் பேணுவதாக வாக்களித்தது. கிறிஸ்தவ அரசொன்று இப்படிச் செய்வது தகாது என்று மிஷனரிமார் எதிர்த்தனர். மெதடிஸ்த மிஷனரி ஸ்பென்ஸ் ஹார்டி 1839இல் இதைக் கண்டித்து ஒரு பிரசுரமே வெளியிட்டார். 1840கள் தொடக்கம் அரசு விகாரை விடயங்களிலிருந்து படிப்படியாக விலகியது. ஆனால் அங்கிலிக்கன் திருச்சபைக்கு அரச பணம் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தும் சட்டம் 1881இல்தான் வந்தது. ஒரு கையை எடுத்த அரசுக்கு மறு கையை எடுக்க ஏறக்குறைய நாற்பது வருடங்கள் பிடித்தன.

நாட்காட்டி மட்டும் மாறவில்லை. ஞாயிறும் நத்தாரும் பெரிய வெள்ளியும் விடுமுறை. நாட்டின் பெரும்பான்மையோர் கொண்டாடிய வெசாக் வேலைநாள். 1883 உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலமொன்றின்போது கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் கலவரம் மூண்டது. நீதி கேட்டு அடுத்த ஆண்டு கேணல் ஒல்கொட் லண்டன் சென்றார். அவர் முன்வைத்த கோரிக்கைகளில் வெசாக் விடுமுறையும் ஒன்று. தேசாதிபதி ஆர்தர் கோர்டன் காலத்தில், 1885 ஏப்ரல் 28ஆம் திகதி, வெசாக் முதன்முதலாகப் பொது விடுமுறையாகக் கொண்டாடப்பட்டது. இதனால் எவரும் எதையும் இழக்கவில்லை. இருந்த நாட்களோடு ஒரு நாள் சேர்ந்தது, அவ்வளவுதான்.

டட்லி சேனநாயக்க அரசு 1966 ஜனவரி முதல் செய்தது வேறு வகை. ஞாயிறு வார விடுமுறையாக இருப்பது நீங்கி, சந்திரனின் நான்கு நிலைகளுக்குரிய போயா நாட்கள் அந்த இடத்தைப் பிடித்தன. போயாவுக்கு முந்திய நாள் அரைநாள் விடுமுறை. சந்திர மாதம் இருபத்தொன்பதரை நாள் ஆகையால் வாரம் சில வேளை ஏழு நாளாகவும் சில வேளை எட்டு நாளாகவும் வந்தது. கிறிஸ்தவக் குடும்பங்கள் ஞாயிறு ஆராதனையைப் பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் முன்போ பின்போ வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வெளிநாட்டு வணிகமும் தடுமாறியது: கொழும்பு திறந்திருக்கும்போது உலகம் மூடியிருந்தது, உலகம் திறந்தபோது கொழும்பு மூடியிருந்தது. 1971இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு ஞாயிறை மீட்டது. பௌர்ணமிப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது. இன்றும் அதுவே நடைமுறை.

அரசையும் மதத்தையும் பிரித்துவிட்ட நாடுகளிலும் இச்சிக்கல் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. பிரான்சு 1905இல் பிரிவினைச் சட்டம் இயற்றியது. அங்கே இன்றும் நத்தாரும் சகல பரிசுத்தவான்கள் தினமும் விடுமுறைதான். நம் நாடு பிரிக்கவே இல்லை. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கியது. ஏனைய சமயத்தவரின் உரிமையையும் ஏற்றது. தைப்பொங்கல், சிவராத்திரி, தீபாவளி, ரமழான், ஹஜ், மீலாத், பெரிய வெள்ளி, நத்தார் எல்லாம் பட்டியலில் உண்டு. பன்னிரண்டு, சில ஆண்டுகளில் பதின்மூன்று போயா நாட்களோடு ஒப்பிட்டால் இது சமபங்கு அல்ல. ஆனாலும் ஒருவரின் நாளைப் பறிக்காமல் மற்றவருக்கு நாள் கொடுக்கும் முறை இது.

1885க்கும் 1966க்கும் உள்ள வேறுபாடு இதுதான். அரசு ஒரு சமயத்தவருக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கலாம். எல்லோருடைய வாரத்தையும் ஒரு சமயத்தின் கணக்கில் ஓட்டும்போது மற்றவரின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. வெள்ளையர் ஆட்சியில் ஞாயிறும் அதைத்தான் செய்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

பாடசாலைகளுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. பெற்றோர் விருப்பமின்றிப் பிற சமயப் பிள்ளையைச் சமய பாடத்தில் இருத்தக்கூடாது என்ற மனச்சாட்சி விதி மிஷன் பாடசாலைக் காலத்திலேயே இருந்தது. தலதா மாளிகையும் புனித பவுல் ஆலயமும் நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்களும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் நகரம் எங்களுடையது. இங்கே ஒரு மண்டபத்தில் வெசாக் கூடு கட்டலாம், கோலம் போடலாம், கரோல் பாடலாம், பெருநாள் வாழ்த்துச் சொல்லலாம். கைகூப்புவதா, பார்த்து மகிழ்வதா என்பதை மட்டும் அந்தந்தப் பிள்ளைக்கே விட்டுவிட வேண்டும். அடுத்த நூற்றாண்டுக்குள் நுழையும் எமது பாடசாலையை நடத்தப்போகிறவர்கள் இதை மனத்தில் இருத்துவார்களாக.