காற்றும் கம்பியும்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் செல்லும்போது, ஆரல்வாய்மொழியைக் கடந்ததும் நம் கண்கள் தாமாகவே சன்னலுக்கு வெளியே திரும்புகின்றன. முப்பந்தல் வெளியெங்கும் வெண்ணிறக் கோபுரங்கள். அவற்றின் உச்சியில் சுழலும் இறக்கைகள். கண்டு வியக்கிறோம். ஆனால் அக்கோபுரங்களுக்குக் கீழே ஓடும் மின்கம்பிகளை நாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. காற்றாலைகளின் வரலாற்றை அறிய வேண்டுமாயின், அக்கம்பிகளையே முதலில் நோக்க வேண்டும்.

இங்கு வீசும் காற்று புதியதன்று. மேற்குத் தொடர்ச்சி மலை ஆரல்வாய்மொழியில் இடைவெளி விட்டு நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மலைக்கு மேற்கே பொழிந்துவிட்டு, அக்கணவாயில் நெருக்குண்டு விரைந்து வெளிப்படுகிறது. 1752 சனவரி 14 அன்று புனித தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட மலைக்குக் காற்றாடிமலை என்று பெயர். இயந்திரங்கள் வருமுன்னரே மக்கள் இக்காற்றை அறிந்திருந்தனர் என்பதற்கு அப்பெயரே சான்று.

இக்காற்றை மின்சாரமாக்கும் முயற்சி 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கியது. அங்கே 55 கிலோவாட் திறனுள்ள சிறு இயந்திரங்களை மின்வாரியம் நிறுவியது. கயத்தாற்றுக்கு டென்மார்க் நாட்டின் உதவி கிட்டியது. 1993 வரை வாரியம் தன் பொறுப்பில் நிறுவிய 120 இயந்திரங்களின் மொத்தத் திறன் 19 மெகாவாட்டைச் சற்றே தாண்டியது. அவை வழிகாட்டும் விளக்குகள், அவ்வளவே.

பின்னர் தனியார் வந்தனர். இயந்திரத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கணக்கிட வருமான வரிச் சட்டம் அன்று இடமளித்தது. முப்பந்தலில் விளைந்த மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியே அனுப்பித் தொலைவிலுள்ள தம் ஆலையில் பெறலாம். காற்று மிகுந்த காலத்து மின்சாரத்தை வரவு வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம். இச்சலுகைகளைக் கண்டு நூற்பாலை உரிமையாளர்கள் பலர் முன்வந்தனர். மழை மறைந்த வறண்ட நிலத்தில் பாதைகள் வெட்டப்பட்டன, கற்காரை அடித்தளங்கள் இடப்பட்டன, கோபுரங்கள் எழுந்தன.

கம்பியோ பின்தங்கியது. சிற்றூர்களின் விளக்குகளையும் பம்புசெட்டுகளையும் எண்ணி அமைக்கப்பட்ட மெல்லிய தொடரமைப்பு அது. அக்கால இயந்திரங்கள் தனித்து இயங்கவல்லனவும் அல்ல. கம்பியில் ஏற்கெனவே மின்சாரம் ஓடினால்தான் அவை மின்சாரம் தரும். கம்பி செயலிழந்தால், காற்று எத்துணை வீசினும் அவையும் நிற்க வேண்டியதே. காற்றாலையைச் சில மாதங்களில் நிறுவிவிடலாம். நூற்றுக்கணக்கானோரின் வயல்களைக் கடந்து செல்லும் உயரழுத்தக் கம்பிக்கும், அதனை ஏற்கும் துணைமின் நிலையத்திற்கும் ஆண்டுகள் பல வேண்டும்.

2012இல் தமிழகக் காற்றாலைகளின் திறன் ஏறத்தாழ 7,000 மெகாவாட்டை எட்டியிருந்தது. அதே ஆண்டில் நம் வீடுகள் நாள்தோறும் பல மணி நேரம் இருளில் கிடந்தன. மின்வெட்டில் மாநிலம் தவித்த அந்நாள்களிலும், காற்று வலுத்த பொழுதுகளில் கம்பிகள் சுமை தாங்காமையால் காற்றாலைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஒருபுறம் இருள்; மறுபுறம் வீணாகிய காற்று. இதைவிடப் பெரிய முரண் உண்டோ?

அதன்பின் விழிப்பு வந்தது. 2013 டிசம்பர் 31 அன்று தென்னகத் தொடரமைப்பு ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பி வழியே நாட்டின் பொதுத் தொடரமைப்புடன் இணைந்தது. கயத்தாறு, கானார்பட்டி, தேனிப் பக்கத்துத் தப்பக்குண்டு ஆகிய இடங்களில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள் எழுந்தன. 2021இல் தொடங்கிவைக்கப்பட்ட ராய்கர்–புகளூர்ப் பெருந்தடம், வடக்கின் மின்சாரத்தை இங்குக் கொணரவும், இங்குக் காற்று மிகும்போது வடக்கே அனுப்பவும் வல்லது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? தனக்கென ஒருவர் எழுப்பிய கோபுரம் விரைந்து உயர்ந்தது. எல்லாருக்கும் உரிய கம்பி காலந்தாழ்ந்து வந்தது. கோபுரத்திற்கு உரிமையாளர் உண்டு. அதன் வரவை எண்ணிப் பார்க்கும் கண்கள் உண்டு. கம்பிக்கோ, அது அறுந்த பின்னரே நினைப்பார் உண்டு. ஊரின் குளமும் சாலையும் பள்ளியும் இந்நிலையில்தான் இருக்கின்றன அல்லவா?

அடுத்த முறை ஆரல்வாய்மொழியைக் கடக்கும்போது, சுழலும் இறக்கைகளை வியந்தபின், சற்றே கண்களைத் தாழ்த்திக் கம்பிகளையும் காண்போம்.