ஸ்கை பிரவுன்: பதின்மூன்று வயதில் ஒலிம்பிக் பதக்கம்

2021 ஓகஸ்ட் 4 ஆம் திகதி ரோக்கியோவில் நடைபெற்ற மகளிர் ஸ்கேற்போர்ட் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றபோது ஸ்கை பிரவுனுக்கு வயது 13 வருடங்களும் 28 நாட்களும். பிரித்தானியாவின் ஒலிம்பிக் வரலாற்றில் இவ்வளவு இளம் வயதில் பதக்கம் பெற்றவர் வேறெவரும் இல்லை. ஆனால் அதற்கு 14 மாதங்களுக்கு முன்னர் இந்தச் சிறுமி மண்டை ஓட்டு முறிவுடன் மருத்துவமனையில் கிடந்தார்.

இரு நாட்டுப் பிள்ளை

ஸ்கை 2008 யூலை 7 ஆம் திகதி யப்பானின் மியாசாகி மாகாணத்தில் பிறந்தவர். தாயார் யப்பானியர், தகப்பனார் பிரித்தானியர். தகப்பனார் ஸ்கேற்போர்ட் ஓட்டுபவர் என்பதால், பலகை அவருக்குச் சிறு வயதிலேயே விளையாட்டுப் பொருளாக இருந்தது. அவருக்கென்று முறையான பயிற்றுநர் இருக்கவில்லை. யூரியூப் காணொளிகளைப் பார்த்து, வீழ்ந்து, எழும்பித்தான் பெரும்பாலான வித்தைகளைக் கற்றுக்கொண்டார். 2016 இல், எட்டு வயதில், அமெரிக்காவின் வான்ஸ் யூ.எஸ். ஓப்பன் போட்டியில் பங்குபற்றிய மிக இளையவர் ஆனார். 2018 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிறுவர்களுக்கான நடனப் போட்டி ஒன்றிலும் வென்றார்.

எந்த நாட்டுக்காக?

ஸ்கேற்போர்டை ஒலிம்பிக்கில் சேர்க்கும் முடிவு 2016 இல் எடுக்கப்பட்டது. இரண்டு நாடுகளுக்காகவும் விளையாடும் தகுதி ஸ்கைக்கு இருந்தது. இவ்வளவு சிறு வயதில் ஒலிம்பிக் என்ற பாரம் வேண்டுமா என்று பெற்றோர் முதலில் தயங்கினார்கள். பதக்கம் பற்றி யோசிக்க வேண்டாம், மகிழ்ச்சியாக விளையாடினால் போதும் என்பதே பிரித்தானிய அணியின் அணுகுமுறையாக இருந்தது. அழுத்தம் இல்லாத அந்த இடத்தையே ஸ்கை 2019 இல் தெரிவு செய்தார். பிள்ளைக்கு மூச்சு விட இடம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்து எடுத்த முடிவு அது. அதே ஆண்டில் பிரேசிலின் சாவோ பாவுலோவில் நடந்த உலகச் சம்பியன்ஷிப் போட்டியில் வெண்கலம் வென்றார்.

விபத்து

2020 மே மாத இறுதியில் கலிபோர்னியாவில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது உயரமான சாய்தளத்தில் இருந்து தலைகீழாக வீழ்ந்தார். உலங்குவானூர்தியில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். மண்டை ஓடு முறிந்திருந்தது; இடது கையும் மணிக்கட்டும் உடைந்திருந்தன. தலைக்கவசம் அணிந்திருந்தபடியால் உயிர் தப்பினார்.

இதன் பின்னர் ஒலிம்பிக்கை விட்டுவிடலாம் என்று பெற்றோர் எண்ணினார்கள். மகள் உடன்படவில்லை. பெருந்தொற்றுக் காரணமாக ஒலிம்பிக் ஒரு வருடம் பின்போடப்பட்டதால் உடல் தேறுவதற்கு அவகாசம் கிடைத்தது. திட்டமிட்டபடி 2020 இல் நடந்திருந்தால் அவர் 12 வயதில் களம் இறங்கியிருக்க வேண்டும்.

ரோக்கியோ

ஸ்கை பங்குபற்றியது ‘பார்க்’ பிரிவில். பெரிய கிண்ணங்களைப் போலக் குழிந்த சீமெந்துத் தளத்தில் 45 செக்கன்கள் ஓட வேண்டும். மூன்று ஓட்டங்களில் அதிக புள்ளி பெற்றது மட்டுமே கணக்கில் எடுக்கப்படும். இறுதிப் போட்டியின் முதல் இரண்டு ஓட்டங்களிலும் ஸ்கை ஒரே வித்தையில் வீழ்ந்தார்: அந்தரத்தில் பலகையைக் காலால் சுழற்றி, கையால் பிடித்துக்கொண்டு இறங்குவது. மூன்றாவது ஓட்டத்தில் அதைப் பிழையின்றிச் செய்து 56.47 புள்ளிகள் பெற்றார். தங்கம் யப்பானின் சகுரா யோசோசுமிக்கு (60.09). வெள்ளி பெற்ற கொகோனா ஹிராகிக்கு (59.04) அப்போது வயது 12 தான்.

அன்று பலரும் நினைவில் வைத்திருப்பது இன்னொரு காட்சி. தங்கம் வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்ட, 15 வயதான மிசுகு ஒகமோத்தோ கடைசி ஓட்டத்தில் வீழ்ந்து நான்காம் இடத்துக்குப் போனார். அழுதுகொண்டு வெளியே வந்தவரைப் போட்டியாளர்களே தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள்.

அதன் பிறகு

2023 பெப்ரவரியில் ஷார்ஜாவில் உலகச் சம்பியன்ஷிப் தங்கம் வென்று, ஸ்கேற்போர்டில் பிரித்தானியாவின் முதலாவது உலகச் சம்பியன் ஆனார். 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் தோள்பட்டைக் காயத்துடன் களம் இறங்கி, 92.31 புள்ளிகளுடன் மீண்டும் வெண்கலம் பெற்றார். தங்கம் வென்ற அவுஸ்திரேலியாவின் அரிசா ட்ரூவுக்கு வயது 14. அதே போட்டியில் சீனாவின் சார்பில் 11 வயதுச் சிறுமி ஒருவரும் பங்குபற்றினார்.

இவ்வளவு சிறிய பிள்ளைகளை உலக மேடையில் ஏற்றலாமா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. ஸ்கையின் பெற்றோர் ஒருமுறை வேண்டாம் என்று நினைத்தார்கள். பிறகு மகளின் சொல்லைக் கேட்டார்கள். ஆபத்து இல்லை என்று நினைத்து அவர்கள் சம்மதிக்கவில்லை. மகளின் மண்டை ஓடு முறிந்ததைக் கண்ட பிறகும் சம்மதித்தார்கள். பிள்ளை கையில் பலகையோடு வாசலில் நிற்கும்போது எந்தப் பெற்றோருக்கும் அது இலகுவான முடிவு அல்ல.