தொடை உறையிலிருந்து மூக்குச் சவ்வு வரை: டூராவை நோயாளியின் திசுவால் அடைத்த வரலாறு

மூளையைப் போர்த்தியிருக்கும் மூன்று உறைகளில் வெளிப்புறத்தில் இருப்பதும் தடித்ததும் டூரா. பதனிட்ட தோலைப் போல உறுதியான இந்த உறைக்குள்தான் மூளைத் தண்டுவட நீர் சுற்றிவருகிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் எந்நேரமும் இருக்கும் நீர் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். நாள்தோறும் புதிதாகச் சுரப்பதோ 500 மில்லிலிட்டரை எட்டும். எனவே டூராவில் விழுந்த ஓட்டை அடைபடாவிட்டால் ஒழுக்கு நிற்காது. மூக்கின் மேற்கூரையில் ஓட்டை இருந்தால் நீர் மூக்கு வழியே சொட்டும். அதே வழியில் கிருமிகள் மேலேறி மூளையுறை அழற்சியை உண்டாக்கும். கட்டியை அகற்றும் திறமை எவ்வளவு வளர்ந்தபோதும், திறந்த உறையை நீர் கசியாமல் மூடத் தெரியாதவரை அறுவை சிகிச்சை பாதியில் நின்றதாகவே பொருள்.

வெட்டிய டூராவை எப்போதும் அப்படியே தைத்துவிட முடிவதில்லை. வெட்டியதும் அது சுருங்கிவிடுகிறது. கட்டி ஊடுருவியிருந்தால் ஒரு பகுதியை வெட்டி எறிய வேண்டியிருக்கிறது. மூளை வீங்கியிருந்தால் பழைய அளவு போதாது. இடைவெளியை நிரப்ப ஒட்டு ஒன்று வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறுவை மருத்துவர்கள் முதலில் கைவைத்தது உடலுக்கு வெளியே கிடைத்த பொருள்களில்தான். 1890இல் தங்கத் தகடும், 1895இல் மெல்லிய ரப்பர்த் தாளும் பயன்பட்டன. மூளையின் மேற்பரப்பு வடுவோடு ஒட்டிக்கொண்டு வலிப்பு வராமல் தடுப்பதே அன்றைய கவலை; எனவே திசுவோடு ஒட்டாத பொருளே நல்ல பொருள் என்று கருதப்பட்டது. அந்தக் கருத்து பின்வந்த பல பத்தாண்டுகளுக்கும் மருத்துவர்களை வழிதவறச் செய்தது.

திருப்பம் ஜெர்மனியில் நேர்ந்தது. மார்ட்டின் கிர்ஷ்னர் 1909இல் தசைநார்களையும் தசையுறைகளையும் ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் பதிப்பதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். தொடையின் வெளிப்புறத்தில் தசைகளை இறுகச் சுற்றியிருக்கும் ஃபேசியா லேட்டா என்ற அகன்ற உறை இதற்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. வலுவானது, பெரிய துண்டாகக் கிடைப்பது, எடுத்தாலும் நடைக்குப் பெரும் பங்கம் வராதது. இரத்தக் குழாய்த் தொடர்பு அறுந்த பின்னும் இத்தகைய மெல்லிய திசு சுற்றியுள்ள நீர்மத்திலிருந்தே ஊட்டம் பெற்றுச் சில நாள்கள் தாக்குப்பிடிக்கும். அதற்குள் புது நுண்குழாய்களும் நார்த்திசு உயிரணுக்களும் அதனுள் நுழைந்து அதைத் தம்முடையதாக்கிக்கொள்ளும்.

அதே காலத்தில் தசைத்துண்டுக்கும் ஒரு வேலை கிடைத்தது. மூளைக் கட்டி அறுவையில் இரத்தக்கசிவை நிறுத்த, நோயாளியின் தசையை நறுக்கி அழுத்தி வைக்கும் முறையை ஹார்வி குஷிங் 1911இல் விவரித்தார். லண்டனில் விக்டர் ஹோர்ஸ்லியும் உயிருள்ள திசுவின் இரத்த உறைவுத் திறனை ஆராய்ந்தார். 1931இல் எடின்பரோவில் நார்மன் டாட், வெடித்துக் குருதி பெருகிய மூளைத் தமனி வீக்கத்தைத் தொடைத் தசையால் சுற்றி நிறுத்தினார். நோயாளி பிழைத்தார்.

நீர் ஒழுக்கை அடைத்த வரலாற்றில் முதன்மையான பெயர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வால்ட்டர் டேண்டி. மண்டைக்குள் காற்று புகுந்துவிடும் நிலையைப் பற்றி 1926இல் அவர் எழுதிய கட்டுரையில், நெற்றிக் காற்றறையின் பின்புறம் டூராவில் இருந்த ஓட்டையை மண்டையோட்டைத் திறந்து ஃபேசியா லேட்டாவால் மூடியது பதிவாகியுள்ளது. முறை பலித்தது, ஆனால் விலை அதிகம். ஓட்டையைக் காண மூளையின் முன்மடலைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. மணமறியும் நரம்பு அறுந்துபோகும் ஆபத்தும் இருந்தது. 1948இல் சுவீடனின் கோஸ்டா டோல்மன் மூக்கோரத்தில் கீறி, மூக்குச் சவ்வை மடித்து ஓட்டையை அடைத்தார். 1952இல் ஆஸ்கர் ஹிர்ஷ் முகத்தில் கீறலே இல்லாமல் மூக்கினுள்ளிருந்தே அடைத்தார். நோயாளிக்கு எவ்வளவோ இலகுவான இவ்வழி, இருட்டும் குறுகலுமான இடத்தில் கண்ணுக்கு எட்டாத வேலையாக இருந்ததால் அன்று பரவவில்லை.

இதற்கிடையே, தொடையில் இரண்டாவது புண் ஏன் என்ற கேள்வி வேறொரு திசையில் இழுத்தது. அது நியாயமான கேள்விதான்: கூடுதல் நேரம், வலி, சிலருக்கு உறை போன இடத்தில் தசை புடைத்து நிற்பது ஆகியவை ஃபேசியா லேட்டாவின் குறைகள். டான்டலம் தகடு, பாலித்தீன், சிலிக்கோன் தாள் ஆகியவை வரிசையாக வந்தன. சிலிக்கோன் தாளைச் சுற்றி உடல் ஒரு புதுச் சவ்வை வளர்த்தது. அதிலுள்ள மெல்லிய குழாய்கள் பல ஆண்டுகள் கழித்து உடைந்து குருதி கசிந்த நிகழ்வுகள் பதிவாயின. ஒட்டாத பொருளே நல்லது என்ற பழைய கருத்தின் பிழை இங்கே வெளிப்பட்டது.

அதைவிடக் கொடியது இறந்தவர் டூராவின் கதை. 1969 முதல் ஜெர்மன் நிறுவனம் ஒன்று, சடலங்களிலிருந்து எடுத்த டூராவை உறைகுளிரில் உலர்த்தி, கதிர்வீச்சால் தூய்மை செய்து ‘லையோடூரா’ என்ற பெயரில் விற்றது. பொட்டலத்தைப் பிரித்து, வேண்டிய அளவில் வெட்டித் தைத்தால் போதும்; உலகெங்கும் அறுவை அரங்குகளில் அது இடம்பிடித்தது. ஆனால் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயை உண்டாக்கும் பிரியான் என்ற புரதம் கதிர்வீச்சுக்கு மசிவதில்லை. பலரின் டூராக்களை ஒன்றாகச் சேர்த்துப் பதப்படுத்தியதால் ஒரு சடலத்தின் தொற்று மற்றவற்றுக்கும் பரவியது. 1987இல் அமெரிக்காவில் முதல் நிகழ்வு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் தயாரிப்பில் சோடியம் ஹைட்ராக்சைடு கழுவல் சேர்க்கப்பட்டாலும் பழைய துண்டுகள் புழக்கத்திலேயே இருந்தன. மிகுதியாகப் பாதிக்கப்பட்ட நாடு ஜப்பான். அங்கு மட்டும் 140க்கும் மேற்பட்டோர் இவ்வழியில் நோயுற்றனர். சிலருக்கு அறுவை முடிந்து 25 ஆண்டுகள் கடந்த பின் நோய் தோன்றியது. இந்நோய்க்கு மருந்தில்லை. 1997இல் உலக சுகாதார நிறுவனம் சடல டூராவைப் பயன்படுத்த வேண்டாம் என அறிவுறுத்த, ஜப்பான் அதே ஆண்டில் தடை விதித்தது. சில அங்குலத் தொடை உறையை எடுத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் இவை என்பதால்தான், மருத்துவ வரலாற்றில் இந்த நிகழ்வு இன்றும் மனத்தை உறுத்துகிறது.

அதன்பின் நோயாளியின் சொந்தத் திசுவுக்கு மதிப்பு மீண்டும் உயர்ந்தது. மாட்டுக் கொலாஜன் தாள்கள் இன்று பரவலாக இருந்தாலும், மண்டையோட்டின் மேல் படிந்திருக்கும் பெரிகிரேனியம் என்ற உறை பலரின் முதல் தேர்வு. தலையில் இட்ட அதே கீறலில் கிடைப்பதால் இரண்டாம் புண் தேவையில்லை. சிறு ஓட்டைக்குக் காதுமடலின் கீழ்நுனிக் கொழுப்பே போதும்: அதை நூலில் கட்டி ஓட்டைக்குள் செருகி, நூலை இழுத்துக் குளியல் தொட்டியின் அடைப்பான்போல இறுக்கும் முறை 1997இல் வெளியானது.

பெரிய ஓட்டைகள்தான் சிக்கலாக நின்றன. மூக்கு வழியே உள்நோக்கியைச் செலுத்தி மண்டையோட்டின் அடித்தளக் கட்டிகளை அகற்றும் முறை 1990களுக்குப் பின் வளர்ந்தபோது, திறப்பும் அகன்றது. ஒரு பக்கம் நீர், மறுபக்கம் காற்று என்ற நிலையில் குழாய்த் தொடர்பற்ற ஒட்டுகள் பல நேரம் பிடிக்காமல் நழுவின. இதற்கான விடை, ஒட்டை முழுவதும் வெட்டியெடுக்காமல் இரத்தக் குழாயுள்ள காம்போடு திருப்பி வைப்பது. இந்தக் கருத்து புதிதன்று. சுசுருதரின் நூலில் கன்னத் தோலைக் காம்போடு திருப்பி மூக்கமைப்பது விவரிக்கப்பட்டுள்ளது. நெற்றித் தோலால் மூக்கமைத்த இந்திய முறையை 1794இல் லண்டன் இதழொன்று வெளியிட, ஐரோப்பா அதைக் கற்றது.

அர்ஜென்டினாவின் ரோசாரியோ நகரைச் சேர்ந்த குஸ்தாவோ ஹதாத், லூயிஸ் பஸ்ஸாகஸ்தெகி ஆகியோர் இதே கருத்தை மூக்கின் உட்சுவரில் செயல்படுத்தினர். நடுத்தடுப்பின் சவ்வைப் பின்புறத் தமனிக் காம்போடு உரித்துச் சுழற்றி ஓட்டையின்மேல் படரவிட்டனர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர அறுவைக் குழுவினரோடு சேர்ந்து 2006இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், 43 நோயாளிகளில் இருவருக்கு மட்டுமே கசிவு நேர்ந்தது. அவ்விருவருக்கும் அது கொழுப்பு ஒட்டால் அடைபட்டது. டோல்மனும் ஹிர்ஷும் அரை நூற்றாண்டுக்கு முன் தொட்ட சவ்வுதான் இது. கூடுதலாகச் சேர்ந்தவை வெளிச்சமும், காம்பின் தமனியைக் கண்ணால் கண்டு காக்கும் வசதியும்.

இச்சவ்வு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. முந்தைய அறுவையில் தடுப்பு இழந்தவர், தடுப்பிலேயே புற்று பரவியவர் ஆகியோருக்கு வேறு திசு தேவை. அவர்களுக்காக 2009இல் வெளிவந்த முறையில், நெற்றிப் புறத்துப் பெரிகிரேனியத்தை மயிர்க்கோட்டுக்குப் பின்னால் இட்ட சிறு கீறல்கள் வழியே காம்போடு உரித்தெடுக்கிறார்கள். மூக்கின் வேர்ப்பகுதி எலும்பில் சிறு துளையிட்டு, அதன் வழியே அந்த உறையை மூக்கினுள் இறக்கி, உள்நோக்கியின் வெளிச்சத்தில் ஓட்டையின்மேல் விரிக்கிறார்கள்.