காத்தான்குடிப் பேரீச்சை

காத்தான்குடி பிரதான வீதியின் நடுவில் வரிசையாக நிற்கிற பேரீச்சை மரங்களை, மட்டக்களப்புப் பக்கம் போன எங்களில் கனபேர் பார்த்திருப்பம். பாலைவன மரம் மழை ஊரில எப்படிக் காய்க்குது?

பேரீச்சையின் வேருக்குத் தண்ணி வேணும். பழுக்கிற நேரத்து மழைதான் ஆகாது. பழம் வெடிச்சு அழுகிப்போகும். மட்டக்களப்பில் பெருமழை நவம்பர் தொடங்கி பெப்ரவரி வரை. ஆண்டின் நடுப்பகுதியில் குலை பழுக்கேக்க, சுட்டெரிக்கிற கச்சான் காற்று. அந்த இடைவெளியிலதான் மரம் காய்க்குது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பூவை எடுத்துப் பெண் பாளையில் சேர்ப்பது பண்டைய மெசொப்பொத்தேமியாவிலேயே மனிதக் கை செய்த வேலை.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, இதே மரங்கள் ‘அரபுமயமாக்கலுக்கு’ச் சாட்சியாக்கப்பட்டன. ஒரு ஊரையே சந்தேகத்தோட பார்க்க மரமும் போதுமாயிற்று. நாங்கள் கேட்கிறது இதுதான்: 1876இல் பிரேசில் விதையிலிருந்து ஹெனரத்கொடவுக்கு வந்த ரப்பரிடம் யாரும் ஊர் கேட்கேல்லையே? போர்த்துக்கேயர் கொண்டுவந்த மிளகாய் இல்லாமல் எங்கட கறி ஏது?

பேரீச்சை எங்களுக்கு முழு அந்நியமும் இல்லை. எங்கட பற்றைக்காட்டு ஈச்சையும் அதே பேரினம்தான். பெயரிலேயே உறவு இருக்கு. எது வெளியில இருந்து வந்தது எண்டு கணக்கெடுக்கிறவை, எந்த மரத்தில் மட்டும் விரலை நீட்டுகினம் எண்டதைத்தான் நாங்கள் கவனிக்கவேணும்.