செப்பு, பெட்டி, முட்டை: சிறுவர் மேடைக்கு வந்த மாயப்பொருள்கள்

சில ஆண்டுகளுக்கு முன் நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஒரு சிற்றூரில் நடைபெற்றது. நிறைவு நாள் மாலையில் ஊர்க் குழந்தைகளுக்கு ஒரு மாயவித்தை நிகழ்ச்சி நடத்துவதென்று முடிவாயிற்று. வித்தை செய்வதற்கு இயற்பியல் மாணவர் ஒருவர் இருந்தார். அவருக்கு வேண்டிய பொருள்களை வாங்கித் தரும் பொறுப்பு, தமிழ்த்துறையைச் சேர்ந்த நமக்கு எப்படியோ வந்து சேர்ந்தது. நகரத்துக் கடையில் சிவப்பும் பொன்னுமாய்த் தகடு ஒட்டி, நாகப்படம் தீட்டிய பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. மினுக்கத்தில் மயங்கி ஒன்றை வாங்கினோம். கூடவே, கொடுத்தவுடன் துண்டு துண்டாக மடிந்து தொங்கும் மந்திரக்கோல் ஒன்றையும் வாங்கினோம்.

பெட்டி முதல் நிமிடத்திலேயே தோற்றது. “அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு!” என்று முன்வரிசை ஒரே குரலில் கத்தியது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து மந்திரக்கோலின் முறை வந்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை மேடைக்கு அழைத்து மாணவர் கோலைக் கையில் கொடுத்தார். அது மடிந்து தொங்கியது. “அடடா, உடைச்சிட்டியே பாப்பா!” என்றார் அவர். கூட்டம் சிரித்தது. சிறுமி சிரிக்கவில்லை. “நான் உடைக்கலண்ணே” என்று இருமுறை சொன்னாள். பிறகு அழத் தொடங்கினாள். உடைந்த பொருளுக்கு வீட்டில் அடி விழும் என்பதை அறிந்த குழந்தையின் அழுகை அது.

முகாம் முடிந்து திரும்பிய பின்னும் அந்த அழுகை நம்மை விடவில்லை. குழந்தைகளின் முன் வைக்கத்தக்க மாயப்பொருள் எது என்ற கேள்வியோடு இக்கலையின் வரலாற்றைப் புரட்டினோம். அதில் கண்ட சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்குப் பழகிய இடம் சொல். எனவே அங்கிருந்தே தொடங்குவோம். தமிழில் இக்கலைக்கு வழங்கும் பெயர்களுள் இரண்டு கருதத்தக்கவை. ஒன்று கண்கட்டு வித்தை. மற்றொன்று செப்படி வித்தை. முன்னது பார்ப்பவரின் கண்ணைச் சுட்டுகிறது. பின்னது செய்பவரின் கைப்பொருளைச் சுட்டுகிறது. செப்பு என்பது சிறு கலம். செப்புகளைக் கவிழ்த்து வைத்து, ஒன்றனுள் இட்ட பந்தை மற்றொன்றனுள் தோன்றச் செய்யும் வித்தையின் பெயரே நாளடைவில் கலை முழுமைக்கும் ஆகிவந்தது. கேரளத்தில் அதே வித்தை ‘செப்பும் பந்தும்’ என்ற பெயரில் இன்றும் வழங்குகிறது. 20ஆம் நூற்றாண்டில் வாழக்குன்னம் நம்பூதிரி அதில் பெரும்புகழ் பெற்றவர்.

உரோமர்களும் இவ்வித்தைக்காரரைச் சிறு கிண்ணத்தின் பெயராலேயே அழைத்தனர். தத்துவஞானி செனகா தம் கடிதமொன்றில் கிண்ணமும் கூழாங்கல்லும் கொண்டு செய்யும் வித்தையைக் குறிப்பிடுகிறார். ஏமாற்றப்படுவதே அங்கே இன்பம் என்றும், சூட்சுமம் தெரிந்துவிட்டால் அந்த இன்பம் போய்விடும் என்றும் பொருள்பட எழுதுகிறார்.

செப்பு என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் மற்றொரு வாழ்வும் உண்டு. குழந்தைகள் சோறாக்கி விளையாடும் சொப்புச் சாமான் அச்சொல்லின் பேச்சு வடிவமே. அதாவது, தமிழ் தன் மாயக்கலைக்குப் பெயரிட்ட பொருளும் குழந்தையின் விளையாட்டுப் பொருளும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. நாம் வாங்கிச் சென்ற நாகப்பெட்டியைப் போன்ற எதையும் அந்த ஊர்க் குழந்தைகள் தம் வீட்டில் கண்டதில்லை. ஆகவே பெட்டியைக் கண்டதும் பெட்டியைத்தான் ஐயுற்றார்கள். கவிழ்த்த கிண்ணத்தை யாரும் அவ்வளவு எளிதில் ஐயுறுவதில்லை.

பெட்டிமீது எழும் இந்த ஐயம் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பிய மேடைகளும் பளபளக்கும் உலோகக் கருவிகளாலும் எண்ணற்ற மெழுகுவத்திகளாலும் நிறைந்திருந்தன. மேசைவிரிப்பு தரைவரை தொங்கும். அதற்குள் உதவியாள் ஒருவன் ஒளிந்திருப்பான். இதைக் கண்டு சலித்தவர்களுள் ஒருவர், பிரான்சின் புளுவா நகரில் 1805இல் பிறந்த கடிகாரக் கலைஞர் ராபர்ட் ஊடான்.

1845 ஜூலை 3ஆம் நாள் பாரிசின் பாலே ரோயால் வளாகத்தில் ஊடான் தம் சிறிய அரங்கைத் திறந்தார். ஏறத்தாழ 200 பேர் அமரும் கூடம் அது. மேடை ஒரு நல்ல குடும்பத்தின் வரவேற்பறையைப் போல இருந்தது. இரட்டை அடி வைத்த உலோகக் கலங்களை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடிப் பொருள்களை வைத்தார். விசித்திர அங்கியை விடுத்து, மாலை விருந்துக்குச் செல்பவரின் உடையில் தோன்றினார். அவருடைய புகழ்பெற்ற ஆரஞ்சு மரம் அக்காலத்து எந்திரக் கலையின் உச்சங்களுள் ஒன்று. பார்வையாளரிடம் கடனாகப் பெற்ற கைக்குட்டை மறையும். மரம் பூக்கும், காய்க்கும். பழங்களைப் பறித்து அவையினருக்கு வழங்குவார்கள். அவை தின்னத் தகுந்த உண்மையான பழங்கள். எஞ்சிய ஒரு பழம் பிளக்க, எந்திர வண்ணத்துப்பூச்சிகள் இரண்டு அந்தக் கைக்குட்டையை விரித்துப் பிடித்து மேலெழும். மாயம் முடிந்த பின்னும் பார்த்தவர் கையில் ஒரு பழம் மிஞ்சியது. சிறுவர் மேடைக்கு இதைவிட நல்ல இலக்கணம் வேண்டியதில்லை.

ஆனால் இதே ஊடானின் வாழ்வில் வேறு இரு நிகழ்ச்சிகளும் உண்டு. 1847இல், மயக்க மருந்தாக ஈதர் அறிமுகமாகி ஊரெங்கும் பேசப்பட்ட வேளையில், அவர் தம் மகனை ஈதரின் ஆற்றலால் காற்றில் கிடத்துவதாகக் காட்டினார். மகன் முகர்ந்த குப்பியில் ஒன்றுமில்லை. நெடிக்காகத் திரைக்குப் பின்னால் ஈதரை ஆவியாக்கினார்கள். கூட்டம் வியந்தது. ஆயினும் பெற்ற பிள்ளையின் உடல்நலத்தைக் கேளிக்கைக்குப் பலியிடுகிறார் என்று கண்டித்துச் சிலர் அவருக்குக் கடிதம் எழுதினர். ஊடான் தம் நினைவுக் குறிப்புகளில் இதைப் பெருமையோடு பதிவு செய்கிறார். தம் வித்தையை அவ்வளவு நம்பினார்கள் என்பது அவர் கருத்து. நாம் அக்கடிதக்காரர்களின் பக்கமே நிற்கத் தோன்றுகிறது. அவர்கள் சூட்சுமத்தை அறியவில்லை. மேடையில் ஒரு குழந்தை இருப்பதை அறிந்திருந்தார்கள்.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் கனமானது. ஊடானிடம் ஒரு சிறிய பெட்டி இருந்தது. ஒருகணம் எவரும் தூக்கலாம். மறுகணம் வலியவராலும் அசைக்க முடியாது. பெட்டியின் அடியில் இரும்புத் தகடும் மேடையின் கீழ் மின்காந்தமும் இருந்தன. மின்காந்தத்தைப் பொதுமக்கள் அறியாத காலம் அது. பாரிசில் இது குடும்பத்தோடு கண்டு களித்த வேடிக்கை. 1830 முதல் அல்ஜீரியாவை ஆக்கிரமித்து வந்த பிரெஞ்சு அரசு, அங்கே மக்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்த மராபூத் என்னும் சமயப் பெரியோரின் மதிப்பைக் குலைக்க எண்ணி, 1856இல் ஊடானை அல்ஜியர்சுக்கு அனுப்பியது. அதே பெட்டி அங்கும் சென்றது. பேச்சு மட்டும் மாறியது. ‘பெட்டி கனக்கிறது’ என்று அவர் சொல்லவில்லை. ‘உன் வலிமையை நான் பறித்துக்கொண்டேன்’ என்றார். கட்டுமத்தான அராபியர் ஒருவர் முதலில் எளிதாகத் தூக்கினார். அடுத்த முறை இழுத்து இழுத்துத் தோற்றார். கைப்பிடி வழியே மின்னதிர்ச்சியும் செலுத்தப்பட்டது. அவர் அலறிக்கொண்டு ஓடினார். இவையெல்லாம் ஊடானே 1858இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியவை. வென்றவர் தரப்புச் சாட்சியம் என்பதை மனத்தில் கொண்டே படிக்க வேண்டும். ஆயினும் அவர் பெருமிதத்தோடு எழுதிய அந்த விவரமே நமக்குப் போதும்.

இப்பகுதியைப் படித்தபோது நமக்கு அந்தச் சிறுமியின் நினைவு வந்தது. மேடைக்கு அழைக்கப்பட்டவரின் கையிலேயே பொருளைத் தோற்கச் செய்து, தோல்வியை அவர்மேல் ஏற்றும் வகையில், ஊடானின் பெட்டியும் நாம் வாங்கிய மந்திரக்கோலும் உறவினமே. ஒன்றன் பின்னால் ஒரு பேரரசு இருந்தது. மற்றொன்றன் பின்னால் இருந்தவர்கள் சற்றே யோசிக்கத் தவறிய ஆசிரியர்கள். அளவு வேறு, இயக்கம் ஒன்று.

இதற்கு மாற்றான வழியை இங்கிலாந்தில் காண்கிறோம். ‘பேராசிரியர் ஹாஃப்மன்’ என்ற புனைபெயரில் ஆஞ்சலோ லூயிஸ் என்னும் வழக்கறிஞர் 1876இல் ‘மாடர்ன் மேஜிக்’ என்ற நூலை வெளியிட்டார். அதன் பெரும்பாலான இயல்கள் சீட்டு, நாணயம், கடிகாரம், மோதிரம், கைக்குட்டை, தொப்பி என்று பொருள்வாரியாக அமைந்தவை. நம் இலக்கண நூல்களின் இயல் பகுப்பை நினைவூட்டும் இம்முறை, வீட்டுப் பொருளே வித்தைப் பொருள் என்ற எண்ணத்தைப் பலரிடம் பரப்பியது.

அவ்வெண்ணத்தை மேடையில் நிறைவேற்றியவர் டேவிட் டெவன்ட். 1868இல் பிறந்த இவர், லண்டனின் எகிப்திய மண்டபத்தில் மாஸ்கெலின் குழுவினரோடு சேர்ந்து புகழ்பெற்றவர். 1905இல் தோன்றிய ‘மேஜிக் சர்க்கிள்’ அமைப்பின் முதல் தலைவர். பெரிய எந்திர மாயங்களிலும் வல்லவரான டெவன்ட், 1912 ஜூலை 1ஆம் நாள் பேலஸ் அரங்கில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் முன் நிகழ்த்தும் வாய்ப்பு வந்தபோது கொண்டுசென்றவற்றுள் ஒன்று, ‘ஒரு சிறுவன், ஒரு சிறுமி, சில முட்டைகள்’ என்னும் எளிய காட்சி. தொப்பியிலிருந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சிறுமியிடம் தருவார். அவள் சிறுவனிடம் தருவாள். சிறுவன் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டே போக வேண்டும். முட்டைகள் தீர்வதாயில்லை; சிறுவனுக்கோ இரண்டே கைகள். முட்டை நழுவத் தொடங்கும்போது அரங்கு சிரித்துக் குலுங்கும். வழக்கமாக அவையிலிருந்து குழந்தைகளை அழைப்பவர், அன்று தம் மகள் வைடாவையும் மாஸ்கெலின் குடும்பத்துச் சிறுவன் ஜாஸ்பரையும் நிறுத்தினார்.

சிறுவன்தானே முட்டையைக் கீழே போடுகிறான், அவனைப் பார்த்துத்தானே சிரிக்கிறார்கள் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவன் எதிலும் பிழை செய்யவில்லை. யாராலும் தாங்க முடியாத அளவு முட்டைகளை அவனிடம் குவிப்பவர் டெவன்ட். அது அவையில் உள்ள அனைவருக்கும் தெரியும், சிறுவனுக்கும் தெரியும். கடைத்தெருவில் கை நிறையப் பொருள் வாங்கித் தவித்த எவரும் அவன் இடத்தில் தம்மைக் காண்பார்கள். ‘எல்லாம் அன்பினால் ஆவது’ என்பது டெவன்ட் மேடையில் வழக்கமாகச் சொன்ன வாசகம். அது வெறும் விளம்பர வாசகமாகத் தோன்றாமைக்கு இந்த முட்டைக் காட்சியே காரணம் எனலாம்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சிறுவர் மாயப்பொருள் தனி வணிகமாகவே வளர்ந்தது. இங்கிலாந்தின் பிடிஃபோர்ட் என்னும் சிற்றூரில் எட்வின் ஹூப்பர் நடத்திய ‘சுப்ரீம் மேஜிக்’ நிறுவனம் இத்துறையில் பெயர்பெற்றது. முயல் படங்களும் வண்ணப் பலகைகளும் இவ்வகை மேடைகளை நிறைத்தன. இவற்றோடு பழைய பகடைப்பெட்டியும் தொடர்ந்து வந்தது. ஈரறையும் கதவுகளும் கொண்ட அப்பெட்டியில் பெரிய பகடையை வைத்து, ஒரு கதவைத் திறந்து ‘இல்லை’ என்பார் வித்தைக்காரர். பகடை மறுபுறம் உருளும் ஓசை கேட்கும். ‘அந்தக் கதவைத் திற!’ என்று குழந்தைகள் கூச்சலிடுவார்கள். இறுதியில் எல்லாக் கதவுகளும் திறக்கும். பகடை வேறெங்கோ இருக்கும். கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமிதத்தைக் குழந்தைகளுக்குத் தந்து, பிறகு வியப்பையும் தருவது இதன் சிறப்பு. வித்தைக்காரர் தம்மை அசடாகக் காட்டிக்கொள்ளத் தெரிந்திருந்தால் இது இனிக்கும். குழந்தைகளை அசடாக்க முனைந்தால் கசக்கும். பொருள் ஒன்றுதான்.

நம் நாட்டிலும் எளிய பொருளின் மேன்மையை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். யானையும் படைகளும் தோன்றும் ஆடம்பரத்துக்குப் பெயர்போன பி. சி. சர்க்கார் (1913–1971), ‘இந்திய நீர்’ என்ற வித்தையைக் கைவிடவேயில்லை. நிகழ்ச்சியின் இடையிடையே வந்து ஒரு செம்பைக் கவிழ்த்து நீரை முழுவதும் கொட்டிவிட்டுப் போவார். சற்று நேரம் கழித்து வந்து அதே செம்பைக் கவிழ்ப்பார். மீண்டும் நீர் கொட்டும். செம்பு எந்த வீட்டிலும் உள்ளது, கடைசி வரிசைக்கும் தெரிவது, எவரையும் அச்சுறுத்தாதது.

இவ்வளவையும் தொகுத்துப் பார்க்கையில் சிறுவர் மேடைக்குப் பொருள் தேரும்போது கேட்க வேண்டியவை சிலவே என்று தோன்றுகிறது. அப்பொருளின் பெயர் குழந்தைக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் வியப்புக்கு முன் ஐயம் வந்துவிடும். கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் தெரியும் அளவினதா? நெருப்பும் வெடிப்பும் உடையதா? நொடியில் எரிந்து மறையும் தாள், நைட்ரோ செல்லுலோஸ் என்னும் எரிபொருளே. முன்வரிசைக் குழந்தைகளுக்கு முன் அதற்கு இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மேடைக்கு வரும் குழந்தை இறங்கும்போது ஏறியதைவிடச் சிறியதாய் இறங்குமா, பெரியதாய் இறங்குமா? கடைக்காரரிடம் இக்கேள்விக்கு விடை இராது. அதை வாங்குபவரே சொல்லிக்கொள்ள வேண்டும்.

மறு ஆண்டும் அதே ஊரில் முகாம் அமைந்தது. நாகப்பெட்டியைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டோம். மந்திரக்கோலை எடுத்து வர வேண்டாம் என்று நாம் சொன்னோம், மாணவர் கேட்கவில்லை. அந்தச் சிறுமியை அவர் தேடிப்பிடித்து அழைத்தபோது அவள் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தயங்கியே வந்தாள். இம்முறை கோல் அவர் கையில்தான் உடைந்தது. மிகவும் வருந்தியவர்போல் அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். “நீ கொஞ்சம் ஊதிப் பாரேன் பாப்பா” என்றார். ஊதினாள். கோல் நிமிர்ந்து நின்றது. அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, இன்னொரு முறை ஊதினாள்.