பதிவு மூப்பும் வயது மூப்பும்

"பதிவு மூப்பு" என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் காலத்தில் அது வீட்டுக்கு வீடு புழங்கிய சொல். எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட் கைக்கு வந்ததும் செய்த முதல் காரியம், எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் போய்ப் பதிந்ததுதான். மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் மூப்பு போய்விடும்.

இந்த அலுவலகங்கள் பிறந்த கதை பலருக்குத் தெரிந்திருக்காது. 1945-இல், இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், ராணுவத்திலிருந்து விடுவிக்கப்படும் சிப்பாய்களுக்கு வேலை தேடிக் கொடுக்கவே இவை ஏற்பட்டன. தேசப் பிரிவினைக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களும் பயன்பெற்றார்கள். 1948-இல்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது. அதாவது, பாதி வயதில் பிழைப்பை இழந்து மறுபடி தொடங்க வேண்டியவர்களுக்காக வந்த ஏற்பாடு இது. 1956 நவம்பரில் மாநில அரசுகளின் பொறுப்புக்கு வந்தது.

1959-இல் ஒரு சட்டம் வந்தது. அரசு நிறுவனங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை இந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தை அந்தச் சட்டம் விதிக்கவில்லை. தனியார் தெரிவித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது அரசு வேலை. அதற்கு வரிசை நீண்டது.

சிக்கல் அங்கேதான். முதலில் பதிந்தவருக்கு முதல் அழைப்பு என்பது நியாயமான முறை. ஆனால் பத்து, பதினைந்து வருடம் காத்திருந்து மூப்பு ஏறும்போது வயதும் ஏறுகிறது. அரசுப் பணிக்கோ பொதுப் பிரிவினருக்கு உச்ச வரம்பு 30 என்று நெடுங்காலம் இருந்தது. மற்ற பிரிவினருக்குச் சலுகை உண்டு என்றாலும், காத்திருப்பு அதையும் தின்றது. ஒரு மூப்பு உள்ளே கூப்பிடும்போது இன்னொரு மூப்பு வெளியே தள்ளியது.

நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கும் அந்தப் பட்டியல் வரும். ஒருமுறை உதவியாளர் பணி நேர்காணலுக்கு, காதோரம் நரைத்த ஒருவர் கடிதத்தோடு வந்து நின்றார். எங்கள் பியூன், "பையன் வரலையா சார்?" என்று கேட்டுவிட்டார். அவர் கோபப்படவில்லை. "நான்தாங்க" என்று அட்டையை எடுத்துக் காட்டினார்.

1996-இல் உச்ச நீதிமன்றம், பட்டியலோடு நிற்காமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்யச் சொன்னது. தகுதியுள்ள எல்லோருக்கும் வாய்ப்பு என்ற வகையில் சரியான தீர்ப்புதான். ஆனால் வரிசையின் மதிப்பு குறைந்தது. 2001-இல் தமிழக அரசு புதிய நியமனங்களுக்குத் தடை போட்டது. 2006-இல் தடை நீங்கியபோது, வீணான காலத்துக்கு ஈடாக வயது வரம்பில் ஐந்து வருடம் தளர்த்தினார்கள். அதே ஆண்டு வந்த வேலையற்றோர் உதவித்தொகைக்கும் பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், வயதோ 40-ஐத் தாண்டக் கூடாது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 45.

அதிகம் அடிபட்டவர்கள் ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்தவர்கள். 2012-இல் தகுதித் தேர்வு வந்ததும் பதிவு மூப்பு பின்னுக்குப் போனது. தேர்வில் தேறிய பிறகும் 'வெயிட்டேஜ்' என்று பிளஸ் டூ மார்க்கையும் கணக்கில் எடுத்தார்கள். 1980-களில் முதல் வகுப்பு வாங்குவதே பெரிது. பின்னால் வந்த பிள்ளைகளோ ஆயிரத்து நூறுக்கு மேல் சாதாரணமாக வாங்கினார்கள். பழைய மார்க் ஷீட்டே பழையவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அவர்கள் போராட்டமும் வழக்கும் நடத்திய பிறகு, 2018-இல் அந்த முறை கைவிடப்பட்டது. அதற்குள் பலருக்கு ஐம்பது நெருங்கிவிட்டது.

கொரோனா காலத்தில், 2021-இல், பொது வரம்பு 32 ஆனது. அரசு ஊழியர்களின் ஓய்வு வயதும் 58-லிருந்து 59, பிறகு 60 என்று உயர்ந்தது. உள்ளே இருப்பவருக்கு இரண்டு வருடம் கூடியபோது, வெளியே நிற்பவரின் வாய்ப்பு இரண்டு வருடம் தள்ளிப்போனது. இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

இன்றும் அரசு வெளியிடும் பதிவு விவரங்களில் "46 முதல் 60 வயது வரை", "60 வயதுக்கு மேல்" என்று தனித்தனிக் கணக்கு வருகிறது. அறுபது தாண்டியவர்களே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இந்த வயதில் எதற்கு என்று சிலர் சிரிக்கிறார்கள். இருபது வயதில் வரிசையில் நிற்கச் சொன்னது அரசு. வரிசை கலைந்துவிட்டது என்று அவர்களுக்கு யாரும் கடிதம் போடவில்லையே.