குசினி சிங்கில் தண்ணீர் தேங்குகிறதா? அடைப்பு எங்கே என்று அறிவது எப்படி

கொடகவெலப் பகுதித் தோட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போது, மழைக்காலத்தில் நான் கேட்கும் முறைப்பாடுகளில் ஒன்று: "சிங்கில் தண்ணி இறங்குதில்ல." பழைய லயத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீர் நேரே வாசல் கானுக்குப் போனது. லயத்தை நீட்டிக் கட்டியவர்களும் தனிவீடு கிடைத்தவர்களும் இப்போது சிங்க் வைத்திருக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறியவர்களின் வீடுகளுக்கும் கீழே உள்ளவை பொருந்தும்.

முதலில் சோதனை

சிங்கின் துவாரத்தை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள்.

- தொடக்கத்திலிருந்தே மெதுவாக இறங்கினால், அடைப்பு சல்லடையில் அல்லது சிங்கின் கீழுள்ள வளைவில்.
- முதலில் வேகமாக இறங்கிப் பிறகு நின்றால், அடைப்பு தொலைவில், சுவருக்கு அப்பால்.
- குளியலறையிலும் தேங்கினால், இரண்டும் சேரும் குழாயில் அல்லது குழியில்.
- மழை நாட்களில் மட்டும் தேங்கினால், குழியைச் சுற்றிய மண் நீரால் நிறைந்திருக்கக்கூடும்.

கடைசி இரண்டையும் உறுதிப்படுத்த, குழிக்குப் போகும் குழாயை அங்கே கழற்றி வாளியில் விடுங்கள். தடையின்றி ஓடினால் குற்றம் குழியில்தான்.

காரணமும் தீர்வும்

தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். மழைக்கால இரவுகளில் அது குழாயின் உட்புறத்தில் படிய, சோறும் தேயிலைச் சக்கையும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. வளைவின் கீழ் வாளி வைத்து, கையால் கழற்றிக் கழுவுங்கள். கொதிநீர் பி.வி.சி. குழாயை இளக்கிவிடும்; கை பொறுக்கும் சூட்டில் சவர்க்கார நீர் போதும். கோஸ்டிக் சோடாவையோ குளோரினையோ அமிலத்துடன் சேர்க்கவே கூடாது. முதலாவது கொதித்துத் தெறிக்கும், இரண்டாவது நச்சு வாயுவைத் தரும்.

சுத்தம் செய்தும் அடிக்கடி அடைத்தால் சரிவைப் பாருங்கள். ஒரு மீற்றர் நீளத்துக்கு 2 முதல் 2.5 சென்ரிமீற்றர் இறக்கம் வேண்டும்.

குழி எங்கே இருக்கிறது?

இரத்தினபுரியும் கேகாலையும் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்கள். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்ததை மறக்க முடியாது. அங்கே கொட்டியது பெருமழை. ஆனாலும் வீட்டுக் கழிவுநீரை வெட்டிய மண்மேட்டுக்குள் ஊறவிடுவது, ஏற்கனவே நனைந்த மண்ணை மேலும் பலவீனமாக்கும். குழியருகே நிலத்தில் அல்லது சுவரில் புதிய வெடிப்பு தெரிந்தால் அது குழாய் வேலையல்ல. உடனே கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். தேங்கும் கான் எலிக்காய்ச்சலுக்கும் வழி. காலில் காயத்தோடு அதில் இறங்க வேண்டாம்.

பொதுக் கான் யார் பொறுப்பு?

நம் சுவருக்குள் இருப்பதை நாம் சரிசெய்யலாம். லயத்தின் பொதுக் கான் அடைபட்டால் தோட்ட நிர்வாகத்திடம் மட்டும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பின், தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபைகள் சேவை செய்ய முடியும். பல வீட்டார் சேர்ந்து கையொப்பமிட்டு, கான் அடைபட்ட இடத்தையும் திகதியையும் குறித்து, பிரதேச சபையில் எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியில் சபையின் முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.